கற்றாழை: சோறு வேறு, பால் வேறு



சென்ற மாதம் நமது டிரஸ்டின் மருத்துவ ஆலோசனை நாளன்று, கூட்டம் சேர்வதற்கு முன்பே ஒரு சகோதரி தன் மருமகளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். மருமகளுக்கு ஆறாம் மாதம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து மலச்சிக்கல். வாட்ஸ்அப்பில் வந்த காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு, கொல்லையில் நின்ற கற்றாழையில் ஒரு மடலை வெட்டி, முள்ளை மட்டும் சீவி, தோலோடு மிக்ஸியில் அடித்து, இரவு படுக்கும்போது ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறார். பஜ்ருக்கு முன்பே அந்தப் பெண் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். விடிவதற்குள் ஏழெட்டு முறை போய்விட்டது. நாக்கு வறண்டு, கண் செருகிய நிலையில்தான் நம்மிடம் வந்தார். அன்று வந்திருந்த மருத்துவர் பார்த்த உடனே ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு அனுப்பினார். இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஸ்கேனில் குழந்தை நன்றாக இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

"செடிதானே, என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தேன்" என்று அந்தச் சகோதரி நம்மிடம் பலமுறை சொல்லி அழுதார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. மருமகளின் கஷ்டத்தைப் பார்க்கப் பொறுக்காமல் செய்ததுதானே. ஆனால் அவர் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய நன்னி ஒருவர் இருக்கிறார். விஷயம் கேள்விப்பட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுவாம்: "பாலை வடிய விட்டியா? ஏழு தண்ணியில கழுவினியா?"

நன்னிக்குத் தெரிந்திருந்தது. காணொளி எடுத்தவருக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குள் இருக்கும் விஷயத்தைத்தான் இந்த மாதம் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஒரு மடலுக்குள் இரண்டு சரக்கு

சோற்றுக் கற்றாழையின் மடலைக் குறுக்கே வெட்டிச் சற்று நேரம் பாருங்கள். வெட்டிய விளிம்பில், பச்சைத் தோலை ஒட்டினாற்போல் மஞ்சளாக ஒரு நீர் கசியும். கொஞ்ச நேரத்தில் அது பழுப்பாக மாறும். நாக்கில் பட்டால் கசப்பு தாங்காது. இதுதான் கற்றாழைப் பால். தோலுக்குக் கீழே ஓடும் மெல்லிய குழாய்களில் இது இருக்கிறது. மடலைத் தின்ன வரும் விலங்குகளையும் பூச்சிகளையும் விரட்டச் செடி வைத்திருக்கும் காவல் இது.

அதற்கும் உள்ளே, மடலின் நடுவில், கண்ணாடி போலத் தெளிவாக, வழவழவென்று இருப்பது சோறு. கடைக்காரர்கள் இதைத்தான் ஜெல் என்கிறார்கள். இதில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர்தான். மீதியில் அசிமன்னான் என்ற மாவுச்சத்து வகைப் பொருள், சிறிதளவு தாது உப்புகள் முதலியன இருக்கின்றன. மழையில்லாத காலத்துக்காகச் செடி சேமித்து வைக்கும் தண்ணீர்த் தொட்டி என்று இதைச் சொல்லலாம். நம் தெருக்களில்கூடச் சிலர் திருஷ்டிக்கு என்று வாசலில் இதைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மாதக்கணக்கில் வாடாமல் இருப்பதைப் பார்த்து ஏதோ சக்தி என்று எண்ணிக்கொள்கிறார்கள். சக்தி ஒன்றுமில்லை. உள்ளே இருக்கும் தண்ணீரைச் செடி சிக்கனமாகச் செலவு செய்கிறது, அவ்வளவுதான்.

பாலும் சோறும் ஒரே மடலில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும், குணத்தில் முற்றிலும் வேறு. சோறு குளுமை. பால் கடுமையான பேதி மருந்து. "கற்றாழை நல்லதா கெட்டதா" என்று நம்மிடம் கேட்பவர்களுக்கெல்லாம் நாம் திருப்பிக் கேட்பது, "எந்தக் கற்றாழை, பாலா சோறா?" என்பதுதான்.

பால் வயிற்றில் என்ன செய்கிறது

அந்தக் கசப்புக்குக் காரணமான பொருளின் பெயர் அலோயின். இது இரைப்பையிலும் சிறுகுடலிலும் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்ததும், அங்கே வாழும் கிருமிகள் இதை உடைத்து வேறொரு பொருளாக மாற்றுகின்றன. அந்தப் பொருள் குடல் சுவரை எரிச்சலூட்டி, குடலை வேகமாகச் சுருங்கி விரியச் செய்கிறது. உடம்புக்குள் உறிஞ்சப்பட வேண்டிய தண்ணீரும் உப்புகளும் மலத்தோடு வெளியே போய்விடுகின்றன. இதற்கெல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். இரவு பத்து மணிக்குக் குடித்த அந்த மருமகளுக்கு விடியற்காலையில் வயிறு பிடுங்கியதன் கணக்கு இதுதான்.

வெளியே போகும் உப்புகளில் முக்கியமானது பொட்டாசியம். அது குறைந்தால் கால் பிடித்து இழுக்கும், உடம்பு தளரும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இதய நோய்க்கு டிஜாக்சின் சாப்பிடுபவர்களுக்கும், கால் வீக்கத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது இரட்டை ஆபத்து. பாலை உலர்த்திய கட்டியை நாளொன்றுக்கு ஒரு கிராம் என்ற அளவில் சில நாட்கள் தொடர்ந்து சாப்பிட்டாலே சிறுநீரகம் செயலிழந்து உயிர் போகக்கூடும் என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. ஒரு கிராம் என்பது கால் டீஸ்பூன் அளவுதான்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய பேதி மாத்திரைகளில் இந்தப் பால் சேர்க்கப்பட்டு வந்தது. பாதுகாப்பானது என்பதற்குப் போதிய சான்று தரப்படவில்லை என்று 2002ஆம் ஆண்டில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதை நிறுத்திவிட்டது. பின்னர், பாலும் தோலும் நீக்காத முழு மடலின் சாற்றை எலிகளுக்கு இரண்டு வருடம் குடிநீரில் கலந்து கொடுத்துப் பார்த்த ஆய்வில் பெருங்குடலில் கட்டிகள் உண்டாயின. அதையொட்டி, உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முழு மடல் சாற்றை, புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் 2பி என்ற பிரிவில் சேர்த்திருக்கிறது. இந்தச் செய்தியை யாரும் பாதியாக எடுத்துக்கொண்டு பயப்பட வேண்டாம். எலிகளுக்குக் கொடுத்தது பால் நீக்காத சாறு. பால் நீக்கி, கழுவிய சோற்றைத் தோல் மீது தடவுவதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தோலோடு மிக்ஸியில் அடித்துத் தினமும் குடிப்பவர்கள்தான் இதைப் படித்துவிட்டு யோசிக்க வேண்டும்.

ஹதீஸில் வரும் ஸபிர்

இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "நபிமொழியிலேயே கற்றாழை இருக்கிறதே" என்று யாராவது சொல்கிறார்கள். உண்மைதான். அரபியில் ஸபிர் என்பது இந்தப் பாலை வடித்து உலர்த்திய கருங்கட்டி. நம் நாட்டு மருந்துக் கடைகளில் இதையே கரியபோளம் என்றும் மூசாம்பரம் என்றும் சொல்வார்கள். ஏமனுக்குத் தெற்கே கடலில் இருக்கும் ஸுகூத்ரா தீவின் ஸபிர் பழங்காலம் முதலே பேர்பெற்ற சரக்கு. பொறுமையைக் குறிக்கும் ஸப்ர் என்ற சொல்லும் இதே வேரெழுத்துகளைக் கொண்டதுதான். இரண்டுமே விழுங்கக் கசப்பு என்று அரபு அறிஞர்கள் சிலேடையாகச் சொல்வதுண்டு.

இஹ்ராமில் இருப்பவருக்குக் கண்வலி வந்தால் ஸபிரைப் பற்றாக வைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்ற கருத்தில் உஸ்மான் (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி வருகிறது. வாசனை இல்லாத மருந்தை இஹ்ராமில் பயன்படுத்தலாம் என்பதற்கு உலமாக்கள் இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். இத்தாவில் இருந்த உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஸபிர் பூசியிருந்ததைக் கண்டு, அது முகத்துக்குப் பொலிவு தரும், ஆகவே இரவில் பூசிப் பகலில் நீக்கிவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் வருகிறது. இந்த இரண்டாவது செய்தியின் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று சொன்ன அறிஞர்களும் உண்டு.

நாம் கவனிக்க வேண்டியது, இரண்டிலும் பேசப்படுவது மேலே போடும் பற்றும் பூச்சும்தான். குடிக்கும் பேச்சு இவற்றில் இல்லை. "கட்டிக்கொள்ளலாம்" என்பதைக் கேட்டுவிட்டு, செக்கச் சிவந்த கண்ணுக்குள் மஞ்சள் பாலைச் சொட்டுவதும் கூடாது. கண்ணில் சிவப்பு, பீளை, பார்வை மங்கல் என்றால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். யுனானி ஹகீம்கள் ஸபிரை உள்ளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதைத் தனியாகக் கொடுக்கவில்லை. அதன் கடுமையைக் குறைக்க மஸ்தகி போன்ற சரக்குகளைச் சேர்த்து, ஆளின் வயதையும் உடல்வாகையும் பார்த்து, அளந்து கொடுத்தார்கள். சித்த வைத்தியத்தில் குமரி எண்ணெய், குமரி லேகியம் என்று மருந்துகள் இருக்கின்றன. அவையும் பக்குவம் பார்த்துச் செய்யப்படுபவை. ஒரு மருந்தின் பெயர் கிதாபில் இருப்பதாலேயே அதன் அளவும் முறையும் நமக்குத் தெரிந்துவிட்டதாக ஆகாது.

நம் வீடுகளில் சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் மூசாம்பரத்தை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பற்றுப் போடுவது வழக்கம். தோலில் காயம் இல்லை என்றால் அதில் பெரிய கெடுதல் இல்லை. எலும்பு முறிவாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் மட்டும் பற்றை நம்பி நாள் கடத்தக் கூடாது. இன்னொரு பழக்கம், குழந்தைக்குப் பால் மறக்கடிக்கத் தாயின் மார்பில் இந்தக் கசப்பைத் தடவுவது. அதைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். பிள்ளை முகம் சுளித்து ஒதுங்கிவிடும் என்று நினைக்கிறோம். ஒதுங்குவதற்கு முன் அது விழுங்குவது பேதி மருந்து.

சோற்றின் உண்மையான பயன்

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. சோறு நல்ல பொருள். வெயிலில் காய்ந்த தோலுக்கும், வறட்சிக்கும், சொறிந்து சிவந்த இடத்துக்கும் தடவினால் குளுமை தெரியும். தலையில் செதில் செதிலாக உதிரும் ஒரு வகைத் தோல் அழற்சிக்கு ஓரளவு பலன் இருப்பதாக ஆய்வு வந்திருக்கிறது. முடி கொட்டுவதை நிறுத்தி அடர்த்தியாக வளர்க்கும் என்பதற்குத்தான் உறுதியான சான்று எதுவும் இல்லை. கற்றாழை எண்ணெய் காய்ச்சும் சகோதரிகள் நம்மிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். முடி மென்மையாக இருக்கும், அது போதாதா?

1935இல் அமெரிக்காவில், எக்ஸ்ரே கதிர் பட்டுப் புண்ணான தோலுக்குப் பச்சைக் கற்றாழையைப் பயன்படுத்திக் குணம் கண்டதாக மருத்துவர்கள் ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். மேலை நாடுகளில் இந்தச் சோற்றின் மீது ஆர்வம் பிறந்தது அதற்குப் பிறகுதான். அதைத் தொடர்ந்து எத்தனையோ ஆய்வுகள் நடந்தன. மேலோட்டமான தீக்காயம் சற்று விரைவில் ஆறுவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லாப் புண்ணுக்கும் இது மருந்து என்று சொல்ல முடியாத நிலைதான் இன்றும் இருக்கிறது. சொல்லப்போனால் எதிரிடையான அனுபவமும் உண்டு. 1991இல் வெளியான ஓர் ஆய்வில், சிசேரியன் போன்ற வயிற்று அறுவைக்குப் பின் தையல் பிரிந்து திறந்துகொண்ட புண்களில் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுக்குச் சராசரியாக 53 நாட்களில் ஆறியது. கற்றாழை ஜெல் போட்டவர்களுக்கு 83 நாட்கள் ஆயின. ஒரு மாதம் கூடுதல். ஆகவே, பிரசவ அறுவைத் தையலில் கற்றாழை தடவும்படி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தீக்காயத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் கற்றாழையைத் தேடி ஓடுவது பெரும்பாலும் அதற்குத்தான். ரமலானில் நோன்புக் கஞ்சிப் பாத்திரம், வலீமா வீட்டில் பிரியாணி டேக்சா, அன்றாடம் தேநீர்ப் பாத்திரம் என்று பிள்ளைகள் கொதிநீரில் சுடுபட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். சுட்ட உடனே செய்ய வேண்டியது கற்றாழை வெட்டுவது அல்ல. குழாயைத் திறந்து, சுட்ட இடத்தை 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்ட வேண்டும். இருபது நிமிடம் என்பது நீண்ட நேரம். பிள்ளை கத்தும், மாமியார் வைவார், பக்கத்து வீட்டுக்காரர் பற்பசையோடு வருவார். இருந்தாலும் தண்ணீரை நிறுத்தக் கூடாது. தோலுக்கு அடியில் தங்கியிருக்கும் சூடு உள்ளே உள்ளே வேகவைத்துக்கொண்டே போகும். அதைத் தண்ணீர்தான் இழுக்கும். ஐஸ் வைக்கக் கூடாது. மோதிரம், வளையல், இறுக்கமான துணி ஆகியவற்றை வீக்கம் வருவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்காமல் விட்டுவிட வேண்டும். பற்பசை, பேனா மை, காப்பித்தூள், இட்லி மாவு, மஞ்சள், வெண்ணெய் எதுவும் வேண்டாம். மருத்துவர்கள் இவற்றைச் சுரண்டி எடுக்கும்போது பிள்ளை படும் வேதனையை ஒருமுறை பார்த்தவர்கள் மறுமுறை போட மாட்டார்கள்.

இதற்கெல்லாம் பிறகு, தோல் உரியாமல், கொப்புளம் இல்லாமல், வெறும் சிவப்பும் எரிச்சலுமாகச் சிறிய இடம் மட்டும் இருந்தால், பால் நீக்கிக் கழுவிய சோற்றைத் தடவலாம். எரிச்சல் தணியும். கொப்புளம் எழும்பிவிட்டாலோ தோல் கழன்றுவிட்டாலோ வீட்டுச் செடி வேண்டாம். மண்ணில் நிற்கும் செடியின் மடலை நம் அடுக்களைக் கத்தியால் வெட்டி எடுக்கும் சோறு கிருமியற்றது அல்ல. சுட்ட இடம், சுடுபட்டவரின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், முகம், கை, பாதம், மூட்டு, மறைவிடம் ஆகியவற்றில் பட்டிருந்தாலும், பட்டவர் சிறு குழந்தையாகவோ முதியவராகவோ இருந்தாலும் 108க்கு அழைத்துவிடுங்கள்.

வாய்க்குள் எரிச்சல், வெள்ளைத் திட்டு, ஆறாத புண் என்றால் ஒரு வார்த்தை. வாய்ப்புண்ணில் சில வகைகளுக்குக் கற்றாழை ஜெல் இதமளிப்பதாக ஆய்வு இருக்கிறது. ஆனால் வெற்றிலைப் பாக்கு, புகையிலை போடும் நம் பெரியவர்களுக்கு மூன்று வாரத்துக்கு மேல் புண் ஆறவில்லை என்றால், பல் மருத்துவர் ஒருவர் வாயைத் திறந்து பார்த்தாக வேண்டும். அதற்கு முன் எதையும் தடவி மறைக்க வேண்டாம்.

குடிக்கலாமா?

தோலைச் சீவி, பால் முழுவதும் வடித்து, பலமுறை கழுவிய சோற்றை எப்போதாவது இரண்டு கரண்டி மோரில் அடித்து, உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் குடிப்பதால் பெரும்பாலும் கெடுதல் வருவதில்லை. தினமும் குடித்தே ஆக வேண்டிய அமுதமும் இல்லை அது. குடித்துச் சில மாதங்களில் கண் மஞ்சளாகி, ஈரல் அழற்சி கண்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் குறிப்புகள் இருக்கின்றன. நிறுத்தியதும் சரியாகியிருக்கிறது. அபூர்வம்தான், ஆனால் மாதக்கணக்கில் குடிப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நாம் மிகவும் கவலைப்படுவது சர்க்கரை நோயாளிகளைப் பற்றி. கற்றாழை ரத்தச் சர்க்கரையைச் சற்றே குறைக்கலாம் என்று சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. இதனால் இரண்டு வகையில் தொல்லை வருகிறது. மாத்திரையோடு இதையும் சேர்த்துக் குடிப்பவருக்குச் சர்க்கரை திடீரென இறங்கி வியர்த்து மயங்கலாம். இதை நம்பி மாத்திரையை நிறுத்துபவருக்கோ சர்க்கரை சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், மருந்துக்குச் செலவழிப்பதைவிட இது மேல் என்று மூன்று மாதம் பாட்டில் சாற்றைக் குடித்துவந்தார். செருப்புக் கடித்த புண் ஆறாமல் போய், ஒரு கால்விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பாட்டிலின் விலையோ, அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையைவிடப் பல மடங்கு.

கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் எந்த வடிவிலும் இதை உள்ளுக்குச் சாப்பிடக் கூடாது. பாலின் கடுமை குடலோடு நிற்காமல் கருப்பையையும் சுருங்கத் தூண்டலாம். நின்றுபோன மாதவிலக்கை வரவழைக்க முன்னோர் கற்றாழையைப் பயன்படுத்தியதே இதை அறிந்துதான். கர்ப்ப கால மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, வாழைப்பழம், கொஞ்சம் நடை ஆகியவற்றில் தொடங்குங்கள். அடங்கவில்லை என்றால் கிராம சுகாதார செவிலியரிடம் சொன்னால் இரும்பு மாத்திரையை மாற்றித் தரவும், பாதுகாப்பான மருந்து தரவும் வழி இருக்கிறது. மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும், மூலத்தில் ரத்தம் போகிறவர்களுக்கும், குடல் புண் உள்ளவர்களுக்கும் வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள் இரண்டு வாரம் முன்பே நிறுத்திவிட்டு, குடித்துவந்ததை மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரத்தம் உறைவதில் இது குறுக்கிடலாம். நோன்புக் காலத்தில் ஸஹர் நேரத்தில் மலச்சிக்கலுக்கு என்று இதைக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். பேதி ஆரம்பித்தால் இஃப்தார் வரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்க முடியாத நாளில் இந்தச் சோதனை எதற்கு?

பாட்டிலை வாங்கும்போது

கடையில் வாங்குபவர்கள் உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முழு மடல் சாறா, உள்சோறு மட்டுமா என்று பாருங்கள். குடிக்கும் சாற்றில் அலோயின் 10 பிபிஎம்முக்கு மேல், அதாவது லிட்டருக்கு 10 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கற்றாழைத் தொழில்துறையின் சர்வதேச அமைப்பே வகுத்துக்கொண்ட வரம்பு. அந்த விவரமே இல்லாத பாட்டிலை வைத்துவிட்டு வந்துவிடுவது மேல். புற்றுநோய், சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை எல்லாம் போகும் என்று அச்சிட்டிருந்தால் அதைவிடத் தெளிவான எச்சரிக்கை வேறில்லை. தடவும் ஜெல்லிலும் ஏமாற்று உண்டு. 2016இல் அமெரிக்காவில் ஒரு செய்தி நிறுவனம் பெரிய கடைகளின் சொந்தப் பெயரில் விற்ற சில ஜெல்களைச் சோதனைக்கு அனுப்பியபோது, கற்றாழைக்கே அடையாளமான அசிமன்னான் அவற்றில் காணப்படவில்லை. பச்சை நிறமும் வாசனையும் நம் கண்ணையும் மூக்கையும் திருப்திப்படுத்தச் சேர்ப்பவை. உண்மையான சோற்றுக்கு நிறமே கிடையாது.

மடல் வெட்டும் முறை

செடியின் அடியில் உள்ள முற்றிய மடலை எடுங்கள். நடுக்குருத்தைத் தொடாதீர்கள். வெட்டியதும் வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் கால் மணி நேரமாவது நிறுத்தி வையுங்கள். மஞ்சள் பால் வடிந்து சேரும். பிறகு மடலைக் கழுவி, இரு ஓர முட்களையும் சீவி, தோலைத் தாராளமாகவே சீவி எறியுங்கள். சிக்கனம் பார்த்துத் தோலோடு ஒட்டச் சுரண்டினால் பாலும் கூட வரும். சோற்றைத் துண்டுகளாக்கி, தண்ணீரை மாற்றி மாற்றி ஏழு முறை அலசுங்கள். ஏழு என்பது நன்னிமார்களின் கணக்கு. ஏன் ஏழு என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் நாலாவது தண்ணீரில் நாக்கு வைத்துப் பார்த்தால் இன்னும் கசக்கும், ஏழாவதில் கசக்காது. கசந்தால் எட்டாவது தண்ணீர் ஊற்றுங்கள். அன்றைக்கு எடுத்ததை அன்றைக்கே பயன்படுத்துங்கள். சோறு சீக்கிரம் நிறம் மாறிக் கெட்டுப்போகும்.

முதன்முதலில் தடவுபவர்கள் முழங்கையின் உள்பக்கத்தில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். வெங்காயம், பூண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் சில நேரம் ஒத்துக்கொள்வதில்லை. அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள்.

செடியைச் சரியாகத் தெரிந்துகொள்வதும் முக்கியம். ரயில் பாதை ஓரத்திலும் வயல் வேலியிலும் ஆளுயரத்துக்கு நிற்பது ஆனைக் கற்றாழை. சிலர் ரயில் கற்றாழை என்பார்கள். கயிறு திரிக்க நார் எடுப்பது அதிலிருந்துதான். பெயரில் கற்றாழை இருந்தாலும் அது வேறு குடும்பம். அதன் மடல் நார் நாராக விறைப்பாக இருக்கும், நுனியில் ஊசி போல ஒரே பெரிய முள் நிற்கும். அதன் சாறு பட்டாலே தோல் எரிந்து தடிக்கும். சோற்றுக் கற்றாழையின் மடல் சதைப்பற்றாக, விரலால் அழுத்தினால் அமுங்கும். ஓரத்தில் சின்னச் சின்ன முட்கள் இருக்கும்.

சோற்றுக் கற்றாழைக் கன்றுகள் நம் டிரஸ்ட் வளாகத்தில் நிறையப் பெருகியிருக்கின்றன. வேண்டுவோர் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பழைய டப்பாவோ தொட்டியோ கொண்டு வந்து பெற்றுக்கொள்ளலாம். அடியில் ஓட்டை போட்டு, மண்ணோடு பாதிக்குப் பாதி மணல் கலந்து வாருங்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும். அதிகம் ஊற்றினால் வேர் அழுகிவிடும். ஆறு மாதக் கன்றில் மடல் வெட்ட அவசரப்படாதீர்கள். அந்தச் சகோதரியும் ஒரு கன்று கேட்டிருக்கிறார், மருமகள் கேட்கச் சொன்னாராம், பிள்ளைகளின் தோல் வறட்சிக்குத் தடவுவதற்கு. கன்றைக் கொடுக்கும்போது மடல் வெட்டும் முறையை நன்னியிடமே கேட்டுக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறோம்.